கொப்பியில் ஏறாத கஞ்சி

வாசகர் கடிதம்:

வணக்கத்துக்குரிய பாதர்,

நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்தவள். வயது 49. கணவரை 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணைக்குப் பறிகொடுத்தேன். அப்போது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஒன்றரை வயது. முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, தையல், கோழி, இரண்டு ஏக்கர் வயல் என்று எப்படியோ நிமிர்ந்துவிட்டோம். மகளுக்கு இப்போது அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது.

முகாமில் பாயும் வாளியும் தந்த நாளிலிருந்து, யாரிடம் என்ன வாங்கினேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். திருப்பிக் கொடுத்ததும் சரி போடுவேன். அடுத்த வீட்டு அக்கா ஒரு கோப்பை பாலைப்பழம் தந்தாலும், அன்றைக்கே ஏதாவது செய்து அனுப்பினால்தான் நித்திரை வரும். கூரை மாற்றக் காசு அனுப்புகிறேன் என்று பிரான்சில் இருக்கும் தம்பி சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் 'ஆண்டவர்' என்று எழுதி, தொகையை மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறேன். ஒரு செபக்கூட்டத்தில், பத்தில் ஒன்று கொடுக்காதவர் ஆண்டவரிடம் களவெடுக்கிறார் என்றார்கள். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். மனம் ஆறவில்லை.

சென்ற மாதம் பூசையில், சிறுபிள்ளையைப்போல் கடவுளிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, மன்னியுங்கள். நாங்கள் சிறுபிள்ளைகளைப்போலத்தான் வரிசையில் நின்று வாங்கினோம். முள்ளிவாய்க்காலில் பெயர் தெரியாத ஒரு அம்மா தன்னுடைய கஞ்சியில் பாதியை என் மகனுக்குப் பருக்கினார். அந்த அளவுக்கு வாங்கியாகிவிட்டது. இனியும் கைநீட்டி நிற்கச் சொல்கிறீர்களா? கடவுளுக்கு நான் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும்? மகள் முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுக்க வேண்டும் என்கிறாள். முழுச் சம்பளத்தையும் கோயிலுக்குக் கொடு என்கிறேன் நான். எது சரி?

பதில்:

அன்புள்ள அம்மா,

கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. வன்னியில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு 'கைநீட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்கிறவர், எதிரே இருப்பவர்கள் எந்தெந்த வரிசைகளில் நின்று வந்தவர்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. குருமாரான எங்களுக்கு இது அடிக்கடி மறந்துபோகிறது.

அந்த வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் ஒரு கட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஒரு வாளி வாங்குவதற்கும் அட்டை வேண்டும், குடும்ப இலக்கம் வேண்டும், கையொப்பம் வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் அது விடவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாயும் ஒரேயடியாகக் கைக்கு வரவில்லை. அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழுந்தால் ஒரு பகுதி, கூரைக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வாழ்வாதார உதவி என்று கோழி கொடுத்தவர்கள், கோழியைக் கையில் பிடித்தபடி பதாகைக்கு முன்னால் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து வந்து, கோழி நிற்கிறதா, குழம்பாகிவிட்டதா என்று எண்ணினார்கள். அந்த உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் நல்ல பிள்ளைகள். அவர்களிடம் கணக்குக் கேட்கவும் மேலே ஒருவர் இருந்தார். பொதுப் பணம் கணக்கில்லாமல் போகக் கூடாது என்பதும் சரிதான்.

ஆனால் வருடக்கணக்காக அப்படியே வாங்கிப் பழகிய மனத்துக்கு ஒன்று ஊறிப்போய்விடுகிறது: தருகிறவர் எவரும் ஒரு நாள் கணக்குக் கேட்டு வருவார். அவர் வருவதற்கு முன்பே நாமே எழுதி வைத்துவிட்டால் தலைகுனிய வேண்டியதில்லை. உங்கள் கொப்பி அங்கேதான் பிறந்தது. அது உங்கள் மானத்தைக் காப்பாற்றிய கொப்பி. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. என் கவலை கடைசிப் பக்கத்தைப் பற்றியது. ஆண்டவருடைய பெயரை அதில் எழுதியபோது, அவரையும் ஒரு பதாகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். மனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. நீங்கள் இன்னும் அங்கே வரிசையில் நிற்கிறீர்கள். வழங்குகிறவர் மட்டும் மாறியிருக்கிறார்.

இனி உங்களைக் கோபப்படுத்திய அந்த வசனம். மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. சனங்கள் பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். சீடர்கள் அதட்டுகிறார்கள். அந்த இடத்தில் சீடர்கள் பார்ப்பது வாசற்காவல் வேலை: யாரை விடலாம், யாரை விடக் கூடாது, யாருக்கு நேரம் இல்லை. இயேசுவுக்குக் கோபம் வந்தது என்று மாற்கு எழுதுகிறார். இதே நிகழ்ச்சியைச் சொல்கிற மத்தேயுவும் லூக்காவும் அந்தக் கோபத்தை விட்டுவிட்டார்கள்; மாற்கு விடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. உங்களுக்குப் பூசையில் வந்த கோபமும் ஏறத்தாழ அதுதான். பிறகு அவர் பிள்ளைகளை அணைத்து, கைவைத்து ஆசி வழங்குகிறார். யார் பெற்ற பிள்ளை, எத்தனையாம் பிள்ளை என்று எதுவும் கேட்கவில்லை. கைக்குழந்தைகளையும் கொண்டு வந்தார்கள் என்று லூக்கா சொல்கிறார். கைக்குழந்தை எந்தப் படிவத்தை நிரப்பும்?

அந்தக் காலத்துச் சிறுபிள்ளைக்குத் திருச்சட்டத்தைக் கற்று நிறைவேற்றுகிற வயது இன்னும் வரவில்லை. ஆகவே 'நான் இவ்வளவு செய்திருக்கிறேன்' என்று கடவுளுக்குக் காட்டவும் அதனிடம் ஒன்றும் இல்லை. அதே அதிகாரத்தில் அடுத்ததாக ஓடி வருகிற ஆளைப் பாருங்கள். வசதியான மனிதர், நல்லவர், சின்ன வயதிலிருந்தே எல்லாக் கட்டளைகளையும் கடைப்பிடித்தவர். நிலைவாழ்வுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். அவருடைய கொப்பியில் எல்லா வரியிலும் சரி போட்டிருக்கிறது. இயேசு அவரை உற்று நோக்கி அன்பு கொண்டார் என்று எழுதியிருக்கிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என்னோடு வா என்று அழைத்தார். அந்த அன்பை வாங்கிக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை. முகம் வாடிப் போய்விட்டார்.

சிறுபிள்ளைக்கு வெட்கம் தெரியாது, அதனால்தான் வாங்குகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு டொபி கொடுத்தால், அது குனிந்து வளைந்து நன்றி சொல்வதில்லை. நான் ஏழை என்று நிரூபிப்பதுமில்லை. வாங்குகிறது, அவ்வளவுதான். தங்கச்சி பக்கத்தில் நின்றால், டொபியைச் சட்டை நுனிக்குள் வைத்துக் காக்காய்க்கடி கடித்து, நசுங்கிய பாதியை அவளிடம் நீட்டுகிறது. சில வேளை பெரிய பாதி தன்னிடமே நின்றுவிடும், அதுவும் நடக்கும். வாங்கியதும் பகிர்ந்ததும் ஒரே மூச்சில் முடிகின்றன. இடையில் கணக்கு நுழைய நேரமே இல்லை. முகாம் வரிசையில் நீங்கள் நின்றது இப்படியா? உங்களை அங்கே யாரும் பிள்ளையாக நடத்தவில்லை. பெரிய மனுசியான உங்களைச் சின்னவளாக்கி நிறுத்தினார்கள். பிள்ளை தன் வீட்டு அடுப்படிக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் திறக்கிறதே, அந்த உரிமையைத்தான் இயேசு சொல்கிறார். அப்பத்தைக் கேட்கிற மகனுக்கு எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்று அவர் கேட்டதும் அந்த உரிமையை வைத்துத்தான். பவுல் உரோமையருக்கு எழுதியபோது இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: அஞ்சி நடுங்குகிற அடிமைகளின் மனத்தை நீங்கள் பெறவில்லை, பிள்ளைகளாக இருக்கிறீர்கள், பிள்ளைகள் என்றால் உரிமைச் சொத்தும் உங்களுடையது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடத்துக்கு வருகிறேன். கொப்பி எந்த நாளில் தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முகாமில் பாயும் வாளியும் தந்த நாளில். அப்படியென்றால் முள்ளிவாய்க்காலில் உங்கள் மகன் குடித்த கஞ்சி அந்தக் கொப்பியில் இல்லை. அந்த அம்மாவின் பெயர் தெரியாது. முகவரி தெரியாது. அவர் உயிரோடு வெளியே வந்தாரா என்பதும் தெரியாது. அந்தப் பாதிக் கஞ்சியை எந்த வரியில் எழுதி, எதைத் திருப்பிக் கொடுத்து, எப்போது சரி போடுவீர்கள்? பாயையும் வாளியையும் எழுத முடிந்த உங்களால் அதை எழுத முடியவில்லை. அந்தக் கஞ்சி இன்று 17, 18 வயதுப் பெடியனாக உங்கள் வீட்டில் நடமாடுகிறது.

அரிசியும் தண்ணீரும் உப்பும். தேங்காய்ப்பால் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் வடக்கு கிழக்கு எங்கும் தெருவோரங்களில் அதே கஞ்சியைக் காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சிரட்டையிலும் கோப்பையிலும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்கிறவர் எவரும் குறுகி நின்று நான் பார்த்ததில்லை. எந்த மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் ஒரு வருடமாவது அதில் ஊற்றியிருப்பீர்கள், அல்லது குடித்திருப்பீர்கள். அந்த இடத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே மேடு பள்ளம் இல்லை, ஏனென்றால் கொடுக்கிறவரும் ஒரு நாள் வாங்கியவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடவுளிடம் பெறுவது என்று நான் சொல்வது இதற்கு மிகவும் கிட்டியது. உங்களுக்கு அது தெரியாத வித்தையல்ல, அம்மா. வாழ்க்கையின் மிக மோசமான நாளில் அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அந்த அம்மா மிச்சமிருந்த பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று நினைக்கும்போதெல்லாம், நற்செய்தியில் ஏழைக் கைம்பெண் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் காணிக்கையாகப் போட்ட இரண்டு காசு என் நினைவுக்கு வருகிறது.

கைம்பெண் என்றதும் அந்தப் பத்தில் ஒன்றையும் பேசிவிட வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் சூடு உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஆண்டவரிடம் களவு' என்கிற வசனம் மலாக்கி மூன்றாம் அதிகாரம் எட்டாம் வசனம். அதற்கு மூன்று வசனம் மேலே, கூலியாளின் கூலியைப் பறிக்கிறவர்களுக்கும் கைம்பெண்களையும் அநாதைகளையும் கொடுமைப்படுத்துகிறவர்களுக்கும் எதிராக நான் சாட்சி சொல்ல வருவேன் என்று அதே ஆண்டவர் சொல்கிறார். எட்டை வாசித்தவர் ஐந்தை ஏன் தாண்டினார்? இணைச்சட்ட நூலின் பதினான்காம் அதிகாரத்தையும் பாருங்கள். பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய் ஆண்டவர் முன்னிலையில் குடும்பத்தோடு உண்டு மகிழுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கு ஊரிலேயே சேமிக்கப்பட்டு, சொந்த நிலமில்லாத கோயில் பணியாளரான லேவியருக்கும், அந்நியருக்கும், அநாதைகளுக்கும், கைம்பெண்களுக்கும் போக வேண்டும். அவர்கள் வந்து உண்டு நிறைவடைய வேண்டும். 2009 இல் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற உங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது? வாங்குகிறவர்களின் பக்கத்தில். உங்களிடம் தோட்டைக் கழற்ற வைத்தவர்கள் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை இன்றைக்குப் பத்தில் ஒன்று என்று எவருக்கும் கணக்கு வைக்கவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு அவரவர் சக்திக்கு ஏற்ப உதவ வேண்டும், அவ்வளவுதான். வறுமையைக் காரணம் காட்டி யாருக்கும் அருளடையாளங்கள் கிடைக்காமல் போகக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 848 ஆவது பிரிவு எங்களைக் கட்டுப்படுத்துகிறது. பவுல் கொரிந்தியரிடம் காசு சேர்த்தபோதுகூட, ஒருவரிடம் இல்லாததை வைத்து அல்ல, இருப்பதை வைத்தே கொடை ஏற்கப்படும் என்றார். மற்றவர்களின் பாரத்தை இறக்கி உங்கள் தலையில் ஏற்றுவது என் நோக்கமல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள், அம்மா. நகையை அடகு வைத்தும் போடாதீர்கள். நுண்கடன் வாரத் தவணைகள் நம் ஊர்ப் பெண்களை என்ன பாடு படுத்தின என்பதை வாசல்களில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். முதலில் அந்தத் தோட்டை மீட்டு, காதில் போடுங்கள்.

கொடுக்கவே மனமில்லாமல் வாங்குவதை மட்டும் தொழிலாக வைத்திருக்கிறவர்களும் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

ஒரு விசயம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இயேசு தாமே எவ்வளவோ வாங்கினார். லூக்கா எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மூன்று பெண்களின் பெயர்கள் வருகின்றன: மகதலா மரியா, ஏரோதின் மாளிகை அதிகாரியின் மனைவி யோவன்னா, சூசன்னா. இன்னும் பல பெண்களும் சேர்ந்து தங்கள் உடைமைகளைக் கொண்டு அவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தார்கள். ஊர் ஊராகப் போன பதின்மூன்று ஆண்களுக்கு யாரோ மா பிசைந்திருக்க வேண்டும், யாரோ காசு செலவழித்திருக்க வேண்டும். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சீமோனின் படகில் ஏறி இருந்து போதித்தார். கழுதை இன்னொருவருடையது, கல்லறையும் இன்னொருவருடையது. இதில் எதையும் அவர் அன்றைக்கே திருப்பிக் கொடுத்ததாக நற்செய்தியில் நான் வாசித்ததில்லை. கடவுளின் மகனுக்கே இழுக்காகத் தெரியாத ஒன்று நமக்கு மட்டும் ஏன் அவ்வளவு இழுக்காகத் தெரிகிறது?

ஞாயிறு பூசையில் காணிக்கை வேளையைக் கவனித்துப் பாருங்கள். அப்பத்தை எடுத்து உயர்த்தும்போது நாங்கள் முதலில் சொல்வது, உமது வள்ளன்மையால் இதைப் பெற்றுக்கொண்டோம் என்று. பெற்றதைச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொடுக்கிறோம். பிறகு நீங்கள் எழுந்து வந்து வெறுங்கையை நீட்டுகிறீர்கள், நற்கருணை அதில் வைக்கப்படுகிறது. இத்தனை வருடமும் ஞாயிறுதோறும் வாங்கியிருக்கிறீர்கள். அதுவும் கொப்பியில் இல்லை என்று நினைக்கிறேன்.

கிளிநொச்சிக் கோயில் யார் பெயரில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் புனித திரேசாள் 24 வயதில் இறந்தவர். இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், 1895 ஜூனில், கடவுளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து ஒரு செபம் எழுதினார். வாழ்வின் மாலையில் உம் முன் வெறுங்கையோடு வருவேன், என் செயல்களை எண்ணிப் பார்க்கும்படி கேட்க மாட்டேன் என்பது அதன் சாரம். துறவு மடத்தில் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக வாழ்ந்த பெண், தன் ஒழுங்கைக் காட்டி எதையும் கோரவில்லை. அவருடைய வழியைச் 'சின்ன வழி' என்கிறோம். வாசிக்க இலகுவாகத் தோன்றும், நடக்கும்போதுதான் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கொப்பியைக் கொளுத்தச் சொல்ல மாட்டேன். கொளுத்தினால் மனத்துக்குள் இன்னொன்று எழுதத் தொடங்குவீர்கள். ஒரு பேனையை எடுத்து, எது கடன், எது கொடை என்று பிரியுங்கள். தவணை சொல்லிக் கைமாற்றாக வாங்கிய காசு, சீட்டுக் காசு, கடைக் கணக்கு எல்லாம் கடன். அவற்றைக் கொடுத்துத் தீர்ப்பது நேர்மை. அதில் குழந்தைத்தனம் வேண்டாம். மற்றவை கொடை. கொடைக்கு எதிரே சரி போடும் உரிமை உங்களுக்கு இல்லை, அதைத் தந்தவர் விலை பேசவில்லை. அந்தப் பெயர்களை இரவுச் செபத்தில் ஐந்தைந்தாக வாசியுங்கள். கஞ்சி கொடுத்த அம்மாவுக்குப் பெயர் இல்லாமலே ஒரு வரி சேருங்கள்.

அடுத்த வீட்டு அக்காவின் கோப்பைக்கு ஒரு வழி சொல்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம், உடைக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. கோப்பை உங்கள் வீட்டில் ஒரு கிழமை இருக்கட்டும். அதைப் பார்க்கும்போது நெஞ்சு அந்தரப்படும், படட்டும். பாலை மரத்தை அந்த அக்கா நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. காட்டில் காய்த்ததைப் பொறுக்கி வந்து பாதியை உங்களுக்குத் தந்திருக்கிறார். உதட்டில் பால் ஒட்ட ஒட்ட இருந்து சாப்பிடுங்கள். நீங்கள் அவசரமாகத் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு முறையும், 'உன்னிடம் கடன்பட்டிருக்க எனக்கு விருப்பமில்லை' என்ற செய்தியும் அந்தக் கோப்பையில் சேர்ந்துதான் போகிறது. அது அவருக்கும் விளங்கும்.

தம்பிக்கு இன்றே எடுத்துக் கதையுங்கள். பிரான்சில் இருந்துகொண்டு அக்காவின் கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பது அவனுக்கும் ஒரு பாரம். 2009 இல் அவனால் உங்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் பலருக்கு அந்த வலி இன்னும் இருக்கிறது. அவன் காசை நீங்கள் மறுக்கும்போது, அந்த வலியை இறக்கி வைக்க இருக்கிற ஒரே இடத்தையும் பூட்டிவிடுகிறீர்கள். சீடரின் காலடிகளைக் கழுவ இயேசு வந்தபோது பேதுருவும் வேண்டாம் என்றுதான் மறுத்தார். அவருக்குக் கிடைத்த பதில் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் கடுமையான பதில்.

நித்திரை வராமை, கணக்குப் பார்க்காவிட்டால் வருகிற அந்தரம் இரண்டும் இதோடு மட்டும் தொடர்புடையவையாக எனக்குத் தெரியவில்லை. இழப்பைச் சுமக்கிற மனம் ஒரு கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். போய்க் கதையுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

கடைசியாக முதல் சம்பளம். அதற்கும் இணைச்சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது, இருபத்தாறாம் அதிகாரம். புது விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிறவர் தொகையைச் சொல்வதில்லை; கதையைச் சொல்கிறார். என் மூதாதை நாடோடியான ஓர் அரமேயன், எகிப்துக்குப் போனான், அங்கே எங்களைக் கொடுமைப்படுத்தினார்கள், ஆண்டவர் எங்கள் குரலைக் கேட்டார், இந்த நிலத்தைத் தந்தார், இதோ அதன் முதற்பலன். இடம்பெயர்ந்தவர்களின் காணிக்கைச் செபம் இது. மகளோடு அமர்ந்து உங்கள் கதையை அவளுக்குச் சொல்லுங்கள்: புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், செட்டிகுளம், திரும்பவும் ஊர். அப்போது எட்டு வயதாக இருந்தவளுக்குப் பாதிதான் நினைவிருக்கும். அந்தக் கஞ்சியையும் சொல்லுங்கள். பிறகு எவ்வளவு கொடுப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். அது அவளுடைய சம்பளம், உங்கள் கடனை அடைக்க அவளை அனுப்பாதீர்கள். கோயிலுக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். உங்கள் ஊரில் புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளை ஒன்று இருக்கும். அதற்கு ஒரு பங்கு, யாருக்கும் தெரியாமல், படம் எடுக்காமல்.

மிச்சத்துக்கும் அந்த அதிகாரத்தில் கட்டளை உண்டு. கூடையை வைத்துவிட்டு, ஆண்டவர் உனக்கும் உன் வீட்டாருக்கும் தந்த எல்லா நன்மைகளுக்காகவும் மகிழ்ச்சி கொண்டாடு என்கிறது. ஆகவே சேலை. அவள் எடுத்துத் தரட்டும். நிறத்தையும் அவளே பார்க்கட்டும். சிவப்பாக இருந்துவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்று மாற்றி வாங்க அனுப்பாதீர்கள். விலையை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எழுதிவிடுவீர்கள்.